கன்னத்துக்குள் இருபது ஆண்டு

1993, 94 ஆகிய ஆண்டுகளில் மலேசியா முழுவதும் 25 வயதைத் தாண்டிய 11,697 பேரை வாய் திறக்கச் சொல்லி, பல் மருத்துவர்கள் உள்ளே விளக்கடித்துப் பார்த்தார்கள். அவர்கள் தேடியது சொத்தைப் பல்லை இல்லை. கன்னத்தின் உட்புறம், நாக்கின் விளிம்பு, நாக்கின் அடி, ஈறுக்கும் உதட்டுக்கும் நடுவே உள்ள பள்ளம், அண்ணம் என வாயின் மென்தோலை ஓர் இடம் விடாமல் பார்த்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரோஸ்னா ஸைனும் அவர் குழுவினரும் 1997-இல் வெளியிட்ட அந்த ஆய்வின் கணக்குப்படி, வாய்ப்புற்றுநோய் இருந்தவர்கள் ஐந்து பேர். இன்னும் புற்றாகாத, ஆனால் புற்றாகக்கூடிய மாற்றம் வாயில் இருந்தவர்கள் 165 பேர். இந்த இரண்டு எண்ணையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். புற்று முற்றியவர்கள் மருத்துவமனையில் இருப்பார்கள், அல்லது இறந்திருப்பார்கள். வீடு வீடாகப் போகும் ஆய்வில் அவர்கள் அகப்படுவது குறைவு. அந்த 165 பேரில் எல்லோருக்கும் புற்று வந்துவிடப் போவதுமில்லை. இவ்வளவையும் கழித்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. ஒருவருக்கு நோய் வெளிப்படும் நேரத்தில், பலருடைய வாயில் அதன் முந்தைய அத்தியாயங்கள் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கின்றன. நோய் திடீரென்று வந்துவிட்டது என்று நாம் சொல்வது அதன் கடைசி அத்தியாயத்தை மட்டும் வைத்துத்தான். வாய்ப்புற்றின் வரலாறு பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டு நீளமுள்ளது. அதிலும் பெரும்பகுதி கண்ணால் பார்க்கக்கூடிய இடத்தில் நடக்கிறது. அப்படியிருந்தும் நோயாளிகளில் பெரும்பாலோர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் மருத்துவரிடம் வருகிறார்கள் என்றால், அதற்கு நோயின் வேகத்தைக் காரணம் காட்ட முடியாது. இந்தக் கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. புற்றாகக்கூடிய மாற்றங்கள் சீனர்களில் 0.5 விழுக்காட்டினரிடமும் இந்தியர்களில் 4 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டன. எட்டு மடங்கு வேறுபாடு. மலேசிய மக்கள் தொகையில் இந்தியர் ஏழு விழுக்காடு அளவே இருந்தாலும், வாய்ப்புற்று நோயாளிகளில் அவர்களுடைய பங்கு அதைப்போலப் பல மடங்கு. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் டாக்டர் கே. ராமநாதன் 1970-களிலேயே இந்த இன வேறுபாட்டை எழுதி வைத்தார். கெடாவில் சுங்கைப் பட்டாணி, பீடோங், செமிலிங், குரூண், பாடாங் செராய் என ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த ஊர்களில் இந்த எண்கள் ஒரு புள்ளிவிவரமாக மட்டும் இல்லை. பல குடும்பங்களில் பெரியம்மாவோ பாட்டியோ வாயில் வந்த நோயில் போனவர்கள். ஆகவே "இது நம்ம ரத்தத்துல இருக்கு" என்ற முடிவு எளிதாக வந்துவிடுகிறது. அந்த முடிவைச் சோதிக்க அதே ஆய்வே வழிகாட்டுகிறது. இந்தியருக்கு அடுத்த இடத்தில், 2.5 விழுக்காட்டுடன், சபா, சரவாக்கின் பூர்வகுடிகள் இருந்தார்கள். அவர்களுக்கும் தமிழருக்கும் ரத்த உறவு எதுவும் கிடையாது. இருவருக்கும் பொதுவாக இருப்பது வெற்றிலை பாக்கு. இப்போது சீனர்களை எடுத்துக்கொள்ளலாம். மலேசியச் சீனர்களில் பெரும்பிரிவினரான ஹொக்கியன்களின் மூதாதையர் பூஜியான் மாநிலத்திலிருந்து வந்தவர்கள். தைவான் மக்களில் பெரும்பாலோரின் மூதாதையரும் அங்கிருந்து போனவர்களே. இங்கே பாக்கு மெல்லாத சீனரிடம் வாய்ப்புற்று அரிது. தைவானில், பாக்கு மெல்லும் வழக்கம் ஆண்களிடம் பரவிய பிறகு, ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்று முன்வரிசைக்கு வந்துவிட்டது. வம்சம் ஒன்று, பழக்கம் வேறு, நோயும் வேறு. மரபுவழியாக வரும் சிறு வேறுபாடுகள் ஒருவரை ஓரளவு கூடுதலாகப் பாதிக்கலாம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் எட்டு மடங்கு வேறுபாட்டை விளக்க ரத்தத்தைத் தேடிப் போக வேண்டாம், வெற்றிலைச் சுருக்குப் பையைத் திறந்தால் போதும்.

அந்தப் பை கடல் கடந்து வந்தது. 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை கங்காணிகள் ஆள் கட்டி மலாயாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், தென்திருவிதாங்கூரின் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் வாய்ப்புற்று நோயாளிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் அந்த மருத்துவமனையிலிருந்து ஐ. எம். ஆர் என்ற அறுவை மருத்துவர் 1933-இல் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரை, வெற்றிலை பாக்கு போடுவோரின் வாய்ப்புற்று பற்றியது. ஆக, தோட்டத்தில் தோன்றிய நோய் இல்லை இது. ஆனால் தோட்ட வாழ்க்கை அந்தப் பழக்கத்தைக் கெட்டிப்படுத்தியது. விடியுமுன் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்புக்கு நிற்க வேண்டும், வெயில் ஏறுமுன் மரம் வெட்டி முடிக்க வேண்டும், பால் எடுத்து ஸ்டோருக்குச் சுமக்கும் வரை வயிற்றுக்கு ஒன்றும் இல்லை. பாக்கில் உள்ள அரிக்கோலின் என்ற வேதிப்பொருள் நரம்பைத் தட்டி எழுப்புவது, களைப்பையும் பசியையும் மட்டுப்படுத்துவது. புகையிலையின் நிக்கோடின் அதோடு சேர்ந்தால் விடுபடுவது கடினம். பழக்கத்தை அறியாமை என்று எழுதிவிடுகிறவர்கள் இந்த வேலை நாளைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஒரு வாய் வெற்றிலைக்குள் நடப்பதை இனி அருகிலிருந்து பார்க்கலாம். காம்பு கிள்ளிய இலையின் முதுகில் சுண்ணாம்பு தடவி, சீவல் வைத்து மடித்து, மென்று குழைந்ததும் புகையிலையைக் கிள்ளிக் கடைவாய்ப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒதுக்கிக்கொள்வார்கள். வலக்கன்னம் பழகியவருக்கு எப்போதும் வலக்கன்னம்தான். சுண்ணாம்பு கடுமையான காரம். அது எச்சிலின் தன்மையை மாற்றியதும் பாக்கில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் ஆக்ஸிஜனுடன் வினைபுரிந்து, எதனோடும் மோதிச் சிதைக்கக்கூடிய துடிப்பான மூலக்கூறுகளை வெளிவிடுகின்றன. பாக்கின் அரிக்கோலினிலிருந்தும் புகையிலையின் நிக்கோடினிலிருந்தும் நைட்ரோசமீன் என்ற வகைச் சேர்மங்கள் உண்டாகின்றன. இவை டிஎன்ஏவோடு நேரடியாக ஒட்டிக்கொண்டு அதன் எழுத்தைக் கெடுப்பவை. சீவலின் கரடான நாரும் சுண்ணாம்பின் காரமும் மென்தோலைத் தினமும் உரசிப் புண்ணாக்குகின்றன. புண் ஆற வேண்டுமானால் செல்கள் பிளந்து பெருக வேண்டும். செல் பிளக்கும்போதுதான் டிஎன்ஏ நகலெடுக்கப்படுகிறது, நகலெடுக்கும்போதுதான் கெட்டுப்போன எழுத்து நிரந்தரமாகிறது. கெடுக்கும் பொருளும் பிளக்கத் தூண்டும் காயமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருப்பதே இந்தப் பழக்கத்தின் தனிக்கேடு. ஆண்களிடம் இன்னொரு சேர்க்கை உண்டு. சம்சு போன்ற கடுமையான சாராயம் உடலில் அசிட்டால்டிஹைடாக மாறி டிஎன்ஏவைத் தாக்குகிறது. மென்தோலை ஊடுருவ மற்ற நச்சுகளுக்கும் வழிவிடுகிறது. புகையும் குடியும் சேர்ந்தால் ஆபத்து கூட்டல் கணக்கில் இல்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது.

வெற்றிலை மருந்தல்லவா, புகையிலையை விட்டுவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் பலர். சடங்கிலும் சீரிலும் விருந்திலும் இடம்பெற்ற ஒரு பொருளைப் பற்றி இப்படிக் கேட்பது நியாயம்தான். இலையைப் பற்றிய வரையில் குற்றச்சாட்டு பெரிதாக எதுவும் இல்லை. பாக்கின் கதை வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1985-இல் புகையிலை சேர்த்த வெற்றிலையை மட்டும்தான் மனிதருக்குப் புற்று உண்டாக்குவது என்று உறுதி செய்தது. அப்போது புகையிலை சேராத வெற்றிலைக்குப் போதிய சான்று இல்லை. பிறகு தைவானிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் ஆய்வுகள் குவிந்தன; தைவானியர் மெல்லும் பாக்கில் புகையிலை கிடையாது. 2004-இல் வெளியான அறிக்கையில் புகையிலை சேராத வெற்றிலைபாக்கும், தனிப் பாக்கும்கூட, முதல் வகைப் புற்றுக்காரணிகளாக வகைப்படுத்தப்பட்டன. பாக்கு இன்னொன்றும் செய்கிறது. கன்னத்தின் அடியில் நாரிழைகளைப் பெருக்கி, அவை கரைவதைத் தடுத்து, நாளடைவில் வாயை இறுக்கிவிடுகிறது. இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்காதவர்களை வாய்நோய் மருத்துவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த இறுக்கம் தானே ஒரு முன்னறிவிப்பு.

இனிச் செல்லுக்குள் போகலாம். வாயின் மென்தோல் பல அடுக்குச் செல்களால் ஆனது. மேலடுக்கு உதிர உதிர, அடியில் உள்ள செல்கள் பிளந்து புதியவற்றை மேலே அனுப்புகின்றன. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் முழு அடுக்கும் புதிதாகிவிடும். ஒவ்வொரு செல்லிலும் சுமார் 300 கோடி எழுத்துகளில் எழுதப்பட்ட மரபுச் செய்தி இருக்கிறது. எப்போது பிளப்பது, எப்போது நிறுத்துவது, பழுதானால் எப்போது தன்னையே மாய்த்துக்கொள்வது என்பதெல்லாம் அதில் அடக்கம். ஒரு பிழையால் புற்று வந்துவிடாது. 1954-இல் ஆர்மிட்டேஜ், டால் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வயதோடு புற்றுநோய் எந்த அளவில் கூடுகிறது என்று கணக்கிட்டு, ஆறேழு தனித்தனிப் படிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தால்தான் அந்த வளைகோடு கிடைக்கும் என்று காட்டினார்கள். மரபணுக்களை எழுத்தெழுத்தாகப் படிக்கும் வசதி வந்த பிறகு அந்தப் படிகளுக்குப் பெயரும் கிடைத்தது. வாய்ப்புற்றில் அடிக்கடி பழுதாகிக் கிடக்கும் மரபணுக்களில் டிபி53 முக்கியமானது. டிஎன்ஏ கெட்டிருந்தால் பிளப்பதை நிறுத்தச் சொல்வதும், சரிசெய்ய முடியாவிட்டால் செல்லைச் சாகச் சொல்வதும் அது தயாரிக்கும் புரதம். சிடிகேஎன்2ஏ என்ற மற்றொன்று, பிளவுச் சக்கரத்துக்குத் தடை போடுவது. ஒரு செல்லில் முதல் பழுது நேர்ந்ததும் அது அக்கம்பக்கத்துச் செல்களைவிடக் கொஞ்சம் வேகமாகப் பெருகுகிறது. அதன் வாரிசுகள் ஒரு திட்டு ஆகின்றன. அந்தத் திட்டில் ஆயிரக்கணக்கான செல்கள் இருப்பதால் அவற்றில் ஒன்றில் இரண்டாம் பழுது நேரும் வாய்ப்பு கூடுகிறது. அதன் வாரிசுகள் முந்தையவற்றை முந்துகின்றன. 1976-இல் பீட்டர் நோவெல் விளக்கியபடி, டார்வின் காட்டிய தேர்வு விதி உடலுக்குள், செல்களுக்கு இடையே நடக்கிறது. யாரும் திட்டமிடாமல், அந்தந்தச் சூழலில் அதிகம் பெருகத் தெரிந்த செல் வெல்கிறது.

இந்தப் படிகளில் சில கண்ணுக்குத் தெரியும் என்பதுதான் வாயின் தனிச்சிறப்பு. கணையத்திலோ ஈரலிலோ முதல் திட்டு உருவாகும்போது எவருக்கும் தெரியாது. கன்னத்தில் அது துடைத்தாலும் போகாத வெண்படலமாகத் தெரிகிறது. வெண்படலங்களில் ஆண்டுக்கு நூற்றில் ஒன்றிரண்டு புற்றாகலாம். பல அப்படியே நிற்கும், பழக்கத்தை விட்டால் சில மறைந்தும் போகும். செம்படலம் அவ்வளவு சாதாரணமானது இல்லை. 1975-இல் ஷேஃபர், வால்ட்ரன் என்ற இருவர் செம்படலங்களிலிருந்து எடுத்த சதைத்துண்டுகளைச் சோதித்தபோது, பாதி ஏற்கெனவே ஊடுருவிய புற்றாக இருந்தது. எஞ்சியவற்றிலும் பெரும்பாலானவை அதற்கு முந்தைய படியில் இருந்தன. வலிக்காத சிவப்புத் திட்டைப் பார்த்துச் "சூடு" என்று சொல்லி இளநீர் குடித்துக் காத்திருப்பது ஆபத்தானது. இன்னொரு விவரமும் உண்டு. 1953-இல் ஸ்லாட்டர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் வாய்ப்புற்றுக் கட்டிகளைச் சுற்றியிருந்த, பார்வைக்கு நல்லதாகத் தெரிந்த தோலைச் சோதித்து, அதுவும் மாறியிருப்பதைக் கண்டார். நச்சு பட்ட பரப்பு முழுவதுமே படிகளில் ஏறிக்கொண்டிருக்கிறது. கட்டி என்பது அந்தப் பரப்பில் முதலில் முடிவுக்கு வந்த இடம். அறுவையில் கட்டியை முழுமையாக நீக்கிய பிறகும் மறுகன்னத்தில் புதிதாக ஒன்று தோன்றுவது அதனால்தான். அதைக் கண்டு சிகிச்சை பொய்த்தது என்று நினைக்க வேண்டாம்.

எங்கள் பாட்டி தொண்ணூறு வயது வரை புகையிலை போட்டாள், ஒன்றும் ஆகவில்லை; பக்கத்து வீட்டுக்காரர் எதையும் தொடாதவர், அவருக்கு வந்தது. இந்த வாதத்துக்கு மறுமொழி மேலே சொன்ன படிகளில் இருக்கிறது. ஆறேழு படிகளும் ஒரே செல்லின் வழிவந்தவற்றில் நடந்தாக வேண்டும். ஒவ்வொரு படியும் தற்செயல். பழக்கம் செய்வதெல்லாம் அந்தத் தற்செயல் நிகழும் தடவைகளைப் பல மடங்காக்குவதுதான். பல மடங்காக்கிய பிறகும் மெல்பவர்களில் பெரும்பாலோர் தப்பிவிடுவார்கள். தப்பியவர்கள் உயிரோடு இருப்பதால் அவர்கள்தாம் நம் கண்ணில் படுகிறார்கள். எதையும் தொடாதவரின் செல்களும் பிளக்கின்றன, பிளக்கும்போது சில பிழைகள் இயல்பாகவே நேர்கின்றன. அதனால் அவருக்கும் சிறு வாய்ப்பு உண்டு. பாட்டியும் பக்கத்து வீட்டுக்காரரும் உண்மையே. ஆனால் இரண்டு பேரை வைத்து விகிதத்தை அறிய முடியாது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை ஆண்டு, இரவிலும் அடக்கிக்கொண்டு தூங்கும் வழக்கம் உண்டா என்று அளவு கூடக்கூட நோயும் கூடுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. விதி மட்டுமே காரணமாக இருந்தால் அளவுக்கும் நோய்க்கும் இப்படிக் கணக்கு ஒத்துப்போகாது.

இவ்வளவு நேரம் நடந்ததெல்லாம் மென்தோலின் அடுக்குக்குள்ளேதான். அதன் அடியில் அடித்தளச் சவ்வு என்று ஒரு மெல்லிய எல்லை இருக்கிறது. அதற்குக் கீழேதான் ரத்தக்குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் ஓடுகின்றன. பால்மரம் வெட்டியவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. கத்தி பட்டையோடு நிற்கும் வரை வெட்டிய இடம் மூடிப் புதுப்பட்டை வரும். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவிலிருக்கும் மெல்லிய வளர்படலத்தைக் கத்தி தொட்டுவிட்டால் அது காயம். அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாகத்தான் வளரும். ஒரு மில்லிமீட்டர் அளவுதான் வேறுபாடு. வாயிலும் அப்படியே. சவ்வுக்கு மேலே எத்தனை அலங்கோலமான செல்கள் இருந்தாலும் அவை எங்கும் போக முடியாது. அந்தத் தோலை அகற்றினால் முடிந்தது. சவ்வைத் தாண்டிய நொடியில்தான் மருத்துவர் அதைப் புற்று என்று பெயர் சொல்லி அழைக்கிறார். தாண்டுவதற்குச் செல் சில வேலைகளைச் செய்ய வேண்டும். அண்டைச் செல்லோடு தன்னைப் பிணைக்கும் ஈ-கேதரின் என்ற புரதத்தைக் குறைத்துக்கொள்கிறது. சவ்வையும் நாரிழைகளையும் கரைக்கும் நொதிகளைச் சுரக்கிறது. தங்கிவிட்ட செல்லாக இருந்தது நகரும் செல்லாகிறது. சுற்றியுள்ள நல்ல செல்களும் காயத்தை ஆற்றுவதாக எண்ணி அதற்கு ஒத்துழைக்கின்றன. புதிய ரத்தக்குழாய்கள் கட்டியை நோக்கி வளர்கின்றன. அது இல்லாமல் கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் பெருக முடியாது என்று ஜூடா ஃபோக்மன் 1971-இல் முன்வைத்தது இன்று பாடநூலில் இருக்கிறது. விரலுக்குத் தட்டுப்படும் ஒரு சென்டிமீட்டர்க் கட்டியில் ஏறத்தாழ நூறு கோடி செல்கள் இருக்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி முப்பது தடவை இரட்டித்தால் அந்த எண்ணிக்கை வந்துவிடும். இன்னும் பத்துத் தடவை இரட்டித்தால் ஒரு கிலோ. அதாவது நாம் 'ஆரம்பம்' என்று தொட்டுப் பார்க்கும் கட்டி தன் பயணத்தில் முக்கால் பங்கை முடித்துவிட்டது.

பரவுதல் அங்கிருந்து தொடங்குகிறது. அதற்கும் ஒழுங்கு உண்டு. கன்னத்திலும் நாக்கிலும் இருந்து நிணநீர் தாடையின் அடிக்கும், பிறகு கழுத்தின் பக்கவாட்டுக்கும் போகிறது. எனவே முதல் நிறுத்தம் அங்குள்ள நிணநீர்க் கணுக்கள். புண் வந்தால் கட்டும் நெறி சில நாளில் வலித்துக் கரையும். புற்று ஏறிய கணு வலிக்காது, கல்போல இறுகியிருக்கும், கரையாது. அதற்கப்பால் பெரும்பாலும் நுரையீரல். உடல் முழுதும் ரத்தம் போகிறதே, அப்படியானால் புற்று ஏன் எல்லா இடத்திலும் முளைப்பதில்லை? 1889-இல் லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜட் மார்பகப் புற்றால் இறந்த 735 பேரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் படித்து, சில உறுப்புகளுக்கு மட்டும் அது விரும்பிப் போவதைக் கண்டார். விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்பது அவர் முடிவு. 1970-இல் ஐசயா ஃபிட்லர் எலிகளின் ரத்தத்தில் குறியிட்ட புற்றுச் செல்களைச் செலுத்தி எண்ணிப் பார்த்தபோது, ஒரு நாள் கழிந்ததும் ஆயிரத்தில் ஒன்றுகூட உயிரோடு மிஞ்சவில்லை. ரத்த ஓட்டத்தின் உரசலும் எதிர்ப்பு செல்களும் பெரும்பாலானவற்றை அழித்துவிடுகின்றன. பரவுவது புற்றுச் செல்லுக்கு எளிதான காரியம் இல்லை. மிக அரிதாக வெல்லும் ஒன்றை, கோடிக்கணக்கான தடவை முயலும் வாய்ப்பைக் கொடுத்து, நாம்தான் நிச்சயமாக்கிவிடுகிறோம். கட்டி எத்தனை மாதம் அங்கே இருக்கிறது என்பதுதான் அந்தத் தடவைகளின் எண்ணிக்கை.

இந்த இடத்தில் தோட்டப்புறத்திலும் நகரத்திலும் ஒருபோல நிலவும் ஓர் அச்சத்தைச் சந்திக்க வேண்டும். கத்தி பட்டால் பரவிவிடும், அதனால் சோதனைக்குச் சதை எடுக்க விடக்கூடாது என்பது அது. அச்சத்துக்கு ஆதாரமான அனுபவம் பொய் இல்லை: அறுவை செய்துகொண்டவர் சில மாதத்தில் இறந்ததைப் பலர் பார்த்திருக்கிறார்கள். ஆனால் கணு ஏறிய பிறகு கத்தியிடம் வந்தவர்கள் அவர்கள். இறப்புக்குக் காரணம் வந்த நேரம். பழி கத்தியின் மேல். சதைத்துண்டு எடுக்கும்போது சில செல்கள் ரத்தத்தில் கலக்கலாம் என்பதையும் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் கத்தியே படாத கட்டியும் அன்றாடம் செல்களை ரத்தத்தில் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. கலப்பது வேறு, வேரூன்றுவது வேறு என்று ஃபிட்லரின் எலிகள் காட்டிவிட்டன. நேர்ச் சான்று வேண்டுமானால் மும்பையில் கிடைக்கிறது. டாடா நினைவு மருத்துவமனையில் அனில் டிக்ரூஸ் தலைமையில், கழுத்தில் நெறி எதுவும் தட்டுப்படாத, ஆரம்பக் கட்ட வாய்ப்புற்று நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்குக் கட்டியோடு கழுத்துக் கணுக்களையும் உடனே நீக்கினார்கள். மறு பிரிவினருக்குக் கட்டியை மட்டும் நீக்கி, நெறி தெரிந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தார்கள். 2015-இல் வெளியான முடிவு: மூன்று ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் பிரிவில் 80 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 67.5 விழுக்காடு. கத்தி அதிகம் பட்டவர்கள்தாம் அதிகம் பிழைத்தார்கள். கைக்குத் தட்டுப்படாத கழுத்திலும் செல்கள் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தன என்பதும், காத்திருந்த மாதங்களுக்கு விலை இருந்தது என்பதும் அந்தப் பன்னிரண்டரை விழுக்காட்டில் அடங்கியிருக்கிறது.

அப்படியானால் மக்கள் ஏன் தாமதமாக வருகிறார்கள்? ஒரு காரணம் உடலிலேயே உண்டு. ஆரம்பக் கட்ட வாய்ப்புற்று பெரும்பாலும் வலிக்காது. நரம்பைத் தொட்ட பிறகோ, புண் அழுகிய பிறகோதான் வலி. வலிதான் நோய்க்கு அடையாளம் என்று பழகிய மனம், வலியில்லாத புண்ணைப் பொருட்படுத்துவதில்லை. நாள்தோறும் வெற்றிலை போடுபவர் வாயில் சிவப்பும் காவியும் எப்போதும் இருப்பதால் மாற்றம் மறைந்தும்விடுகிறது. மீதிக் காரணங்கள் ஏற்பாட்டைச் சேர்ந்தவை. பல் வலித்தால்தான் பல் மருத்துவரிடம் போவது வழக்கம். பல்லே இல்லாத மூதாட்டிக்கு, அதாவது மிக அதிக ஆபத்தில் இருப்பவருக்கு, பல் கிளினிக்குக்குப் போகவே காரணம் இல்லை. மலேசியச் சுகாதார அமைச்சு இதை உணர்ந்துதான் 1997-இல் வாய்ப்புற்றுத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, தோட்டங்கள் போன்ற ஆபத்து மிகுந்த இடங்களுக்குப் பல் மருத்துவக் குழுக்களை அனுப்பியது. அப்படிப் பார்ப்பதால் உயிர் மிஞ்சுமா என்ற கேள்விக்குத் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய பெரிய ஆய்வு விடை தேடியது. 13 பகுதிகளில் ஏறத்தாழ 1,90,000 பேர். அவற்றில் ஏழு பகுதிகளில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள், மருத்துவர்கள்கூட இல்லை, வீட்டு வாசலில் வாயைப் பார்த்தார்கள். சங்கரநாராயணன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட முடிவை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது இறப்பில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. புகையிலையோ மதுவோ பழகியவர்களை மட்டும் எடுத்தால், வாய்ப்புற்றால் இறப்பது 34 விழுக்காடு குறைந்திருந்தது. எல்லோருடைய வாயையும் பார்க்க வேண்டியதில்லை, யாருடையதைப் பார்க்க வேண்டுமோ அவர்களைத் தேடிப் போக வேண்டும் என்பதே இதன் பொருள். ஒரு விளக்கு, நாக்கைப் பிடித்து இழுக்க ஒரு துணித்துண்டு, பார்க்கத் தெரிந்த கண். வேறு கருவி தேவையில்லை.

தோட்டங்களே போய்விட்டனவே, பழக்கமும் பாட்டிகளோடு போய்விடும், பிறகு இந்தக் கவலை எதற்கு என்பது கடைசி ஆட்சேபம். பழக்கம் இளையோரிடம் குறைந்திருப்பது உண்மை, நல்ல செய்தியும்கூட. ஆனால் ரப்பர் வெட்டி செம்பனை நட்டபோதும், நிலம் வீடமைப்புக்குப் போனபோதும், தொழிலாளர் லயத்தை விட்டு வந்தவர்கள் தங்கள் வாயின் வரலாற்றோடுதான் தாமான் எனும் குடியிருப்புகளுக்குக் குடியேறினார்கள். நாற்பது வயதில் மெல்வதை நிறுத்தியவரின் கன்னத்தில் மூன்றாம் படி வரை ஏறிய ஒரு திட்டு இருக்கலாம். அது அறுபதில் ஆறாம் படியை அடையலாம். தோட்டம் இருந்தபோது எல்லோரையும் ஓரிடத்தில் பார்க்க முடிந்தது. தோட்ட மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸர் ஒருவருக்கு ஒவ்வொரு வீடும் தெரியும். இன்று அதே முதியவர்கள் சுங்கைப் பட்டாணியின் அடுக்குமாடிகளிலும் தாமான்களிலும் சிதறியிருக்கிறார்கள். எந்தத் தோட்டப் பட்டியலிலும் அவர்கள் இல்லை. பழக்கம் குறைந்ததால் தேடுவது எளிதாகிவிடவில்லை, கடினமாகியிருக்கிறது. இனிமேல் விட்டால் என்ன பயன் என்று கேட்கும் முதியவருக்கும் விடை உண்டு. இந்தியாவின் மூன்று மாவட்டங்களில், எர்ணாகுளமும் அதில் ஒன்று, புகையிலை பழகிய 36,000-க்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், விட்டவர்களிடம் புதிய வெண்படலங்கள் தோன்றுவது வெகுவாகக் குறைந்தது. படியில் ஏறிய செல்லைக் கீழே இறக்க முடியாமல் போகலாம். அடுத்த படியை ஏறவிடாமல் செய்ய முடியும். சிகிச்சைக்கு வந்தவர்களைப் பற்றிய கணக்கும் அதையே சொல்கிறது: கட்டி வாயோடு நிற்கும்போது பிடித்தால் ஐந்தில் நால்வர் ஐந்து ஆண்டைத் தாண்டுகிறார்கள், கழுத்தையும் அதற்கப்பாலும் எட்டிய பிறகு அந்த விகிதம் வெகுவாகக் குறைகிறது. இந்த நோய் நமக்கு இருபது ஆண்டு அவகாசம் தருகிறது. மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, துடைத்தும் போகாத வெள்ளை, சிவப்புத் திட்டோ, வலியில்லாத கழுத்து நெறியோ இருந்தால், ஒரு வெள்ளிக் கட்டணத்தில் அரசுக் கிளினிக்கில் பார்க்கலாம். அந்த இருபது ஆண்டில் ஒரு தடவையாவது அந்த வாயை யாராவது திறந்து பார்த்தார்களா என்பதுதான், ஒருவர் முதல் கட்டத்தில் வருகிறாரா நான்காம் கட்டத்தில் வருகிறாரா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.